தானமா, கடனா?

செல்வம் சேர்த்த பெரிய மனிதர் ஒருவர் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ பெருந்தொகை கொடுத்தால் நாம் உடனே மேடை போடுகிறோம், மாலை போடுகிறோம், கர்ண மகாராஜனுக்கு அடுத்தபடி இவர்தான் என்று பிரசங்கம் செய்கிறோம். கொடுத்தவரும் அடக்கத்துடன் எழுந்து, "நான் பெரிதாக ஒன்றும் கொடுத்துவிடவில்லை. சமூகத்திடம் பெற்றதைச் சமூகத்துக்கே திருப்பிக் கொடுக்கிறேன்" என்கிறார். சபையில் கரகோஷம் எழுகிறது. அவர் சொன்னதன் பொருள் என்ன என்று மட்டும் யாரும் விசாரிப்பதில்லை.

அடுத்த வீட்டில் இரவல் வாங்கிய காப்பிப் பொடியைத் திருப்பிக் கொடுக்கும் அம்மாளுக்கு யாராவது மாலை போடுகிறோமா? இல்லை; வாங்கியதைக் கொடுப்பது கடமை. ஆகவே, நன்கொடையைத் திருப்பிக் கொடுத்தல் என்று ஒருவர் சொன்னால், அது வெறும் உபசார வார்த்தையாக இருக்க வேண்டும். அல்லது, "என் கையில் இருப்பது முழுதும் என்னுடையதல்ல" என்ற பெரியதோர் ஒப்புதலாக இருக்க வேண்டும். ஒப்புதல்தான் என்றால், உடனே இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. யாரிடம் வாங்கினார்? அவரிடமே திருப்பிக் கொடுத்தாரா?

இந்தக் கேள்விகளை ஆண்ட்ரூ கார்னகியிடம் கேட்டுப் பார்க்கலாம். ஸ்காட்லாந்தில் ஏழை நெசவாளியின் மகனாகப் பிறந்து, 1848-ல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர் அவர். அல்லெகனி என்ற ஊரில் குடியிருந்து, தந்திச் சேவகனாக ஓடியாடிய நாட்களில், அவ்வூர்க் கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் தம் சொந்தப் புத்தகங்களைச் சனிக்கிழமைதோறும் உழைக்கும் சிறுவர்களுக்கு இரவல் கொடுத்து வந்தார். அந்தப் புத்தகங்களைப் படித்து முன்னுக்கு வந்த சிறுவன் பிற்காலத்தில் எஃகு உலகின் மன்னனானான். அவர் அந்த உதவியை மறக்கவில்லை. உலகெங்கும் சுமார் 2,500 நூல் நிலையங்கள் எழுவதற்குப் பணம் கொடுத்தார். ஆண்டர்சனுக்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பினார். இதைத் திருப்பிக் கொடுத்தல் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்?

ஆனால், கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1892-ல் ஹோம்ஸ்டெட் என்ற இடத்தில் இருந்த அவருடைய எஃகு ஆலையில், கூலிக் குறைப்பைத் தொழிலாளர் சங்கம் எதிர்த்தது. ஆலையின் கதவுகள் அடைக்கப்பட்டன. ஆயுதம் தாங்கிய தனியார் காவலர்கள் வரவழைக்கப்பட்டார்கள். மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. கார்னகி அச்சமயம் ஸ்காட்லாந்தில் இருந்தார். சங்கம் முறிந்தது. 1898-ல் அந்தப் பகுதியிலேயே அழகானதொரு கார்னகி நூல் நிலையம் திறக்கப்பட்டது. நாள் ஒன்றுக்கு 12 மணி நேரம் உலையின் முன் வெந்தவனுக்கு அதற்குள் நுழைந்து உட்கார நேரம் ஏது? ஆண்டர்சனிடம் பட்ட கடன் வட்டியும் முதலுமாகத் தீர்ந்தது. உலைக்களத்துத் தொழிலாளியிடம் பட்ட கடனோ, புத்தகமாகக் கொடுக்கப்பட்டதே ஒழியக் கூலியாகக் கொடுக்கப்படவில்லை.

நம் முன்னோர் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் அல்லர். திருவள்ளுவர் ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு முன்பாகவே ஒப்புரவறிதல் என்று வேறோர் அதிகாரமும் வகுத்தார். ஈகை, இல்லாதவனுக்கு இரங்கிக் கொடுப்பது. ஒப்புரவோ, ஊரோடு ஒட்டி வாழ்கிறவன் ஊருக்குச் செய்தே தீரவேண்டிய முறைமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லாவற்றையும் தர்மம் என்ற ஒரே பையில் போட்டுக் கட்டியவர்கள் நாம்தான்.

இந்த முறைமைக்கு நமது தேசத்தில் ஒரு பரீட்சை நடந்தது. 1951-ஆம் வருஷம் ஏப்ரல் 18-ந் தேதி, தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்ற கிராமத்துக்கு வினோபா பாவே கால்நடையாக வந்து சேர்ந்தார். நிலத்தை முன்னிட்டு அந்தப் பிரதேசமெங்கும் இரத்தம் சிந்திய காலம் அது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நிலமற்ற சுமார் 40 குடும்பத்தார் அவரைச் சந்தித்தார்கள். எவ்வளவு நிலம் இருந்தால் பிழைப்பீர்கள் என்று வினோபா கேட்டார். அவர்கள் கணக்குப் பார்த்து 80 ஏக்கர் என்றார்கள். வினோபா ஊராரைப் பார்த்து, உங்களில் யாராவது கொடுக்க முடியுமா என்று வினவினார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலச்சொந்தக்காரர் எழுந்து, 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். பூதான இயக்கம் அங்கே பிறந்தது.

ரெட்டியாரின் தாராளத்தைப் புகழ்வது நியாயமே. ஆனால், அதற்கு முன் நடந்ததையும் கவனிக்க வேண்டும். அந்த ஏழைகள் கையேந்தி, கிடைத்ததைப் போடுங்கள் என்று நிற்கவில்லை. இன்னது வேண்டும், இத்தனை வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். பிச்சைக்காரன் தொகை சொல்லிக் கேட்பதில்லை. கடன் கொடுத்தவன் சொல்லிக் கேட்கிறான். வினோபாவும் தானம் என்பதற்குச் சமமாகப் பங்கிடுதல் என்றே பொருள் சொல்லி வந்தார். உங்களுக்கு ஐந்து பிள்ளைகள் இருந்தால் என்னை ஆறாவது பிள்ளையாக எண்ணி, ஏழையின் பங்கை என்னிடம் கொடுங்கள் என்று ஊர் ஊராகக் கேட்டார். பிள்ளை தகப்பனிடம் கேட்பது பிச்சை ஆகுமா?

அந்த இயக்கம் நினைத்த அளவுக்குப் பலிக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. 1957-க்குள் 5 கோடி ஏக்கர் என்பது இலட்சியம். சேர்ந்தது 40 லட்சத்துக்குச் சற்று அதிகம். அதிலும் பாறை நிலமும், வழக்கில் சிக்கிய நிலமும் கலந்திருந்தன. கொடுப்பதைக் கொடுப்பவன் மனசுக்கே விட்டுவிட்டால், உதவாததைக் கழித்துக்கட்டப் பலர் தயாராக இருப்பார்கள். அதனால்தான் நிலச் சட்டம், கூலிச் சட்டம், வரி ஆகியவையும் வேண்டியிருக்கின்றன. மாலை இல்லாவிட்டாலும் அவையும் திருப்பிக் கொடுத்தலே.

இதெல்லாம் கோடீசுவரர்களின் சமாசாரம், நமக்கென்ன என்று நேயர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிட வேண்டாம். நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்மணிக்குத் தீபாவளிக்குப் பழைய புடவை கொடுத்து, நாலு பேரிடம் அதைச் சொல்லியும் கொள்கிறோம். அவளுக்கு எத்தனை வருஷமாகச் சம்பளம் உயரவில்லை, காய்ச்சலில் படுத்த இரண்டு நாளுக்குப் பிடித்த கூலி எங்கே போயிற்று என்ற கணக்கை மட்டும் எடுப்பதில்லை. அவள் வந்து வாய் திறந்து கேட்டாலோ, "இத்தனை செய்தும் நன்றி இல்லையே!" என்று வருந்துகிறோம்.

புடவை கொடுக்க வேண்டாம் என்பதல்ல. முதலில் கூலிக் கணக்கைத் தீர்த்துவிட்டுப் புதுப் புடவையாகவே கொடுக்கலாம். கடன் தீர்ந்த பிறகு கையிலிருந்து போவதற்குத்தான் தானம் என்று பெயர். அதற்கு முன் கொடுப்பதெல்லாம், வாங்கியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதே.