வாத்தியாரும் கபிலனும்: ஒரு கார்னரின் அரசியல்

‘பரம்பரை’ என்றால் ரத்தம். தமிழில் இச்சொல்லுக்கு வேறு அர்த்தம் அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. பரம்பரைச் சொத்து, பரம்பரைக் குணம், பரம்பரை நோய் எல்லாமே உடல்வழி இறங்குபவை, சாதியும் அவ்வாறே. ஆனால் பெரம்பூரிலிருந்து ராயபுரம், காசிமேடு வரை இந்தச் சொல் ரோஷமான குத்துச்சண்டையோடு சேர்ந்து இன்னொரு பொருளில் புழங்கியிருக்கிறது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப பரம்பரை என்றால் இங்கே ஒரே வாத்தியார் வரிசையில் அடி பழகியவர்கள். பிறப்பல்ல, யாரிடம் கற்றான் என்பதே ஒருவனின் பரம்பரை. சொல் ஒன்று தன் சாதிப் பொருளிலிருந்து நழுவிய இடம் இது. பா. ரஞ்சித் 2021இல் எடுத்த ‘சார்பட்டா பரம்பரை’யை (திரைக்கதையில் நாவலாசிரியர் தமிழ்ப் பிரபாவின் பங்கும் உண்டு) இந்த நழுவலிலிருந்து வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அது வெற்றிக் கதை என்பதாகவே அதிகம் பேசப்பட்டுவிட்டது. எனக்கு அது ஒரு நம்பிக்கையின் கதை. நம்பிக்கையின் விலையை யார் கொடுப்பது என்ற கதை.

ரங்கன் வாத்தியார் தி.மு.க.காரர், ஊரில் மதிப்புள்ளவர். (எழுபதுகளின் சென்னையில் ‘வாத்தியார்’ என்றால் ஜனங்களுக்கு எம்.ஜி.ஆர். அதே பட்டத்தை ஒரு தி.மு.க.காரருக்குக் கொடுத்திருப்பதில் ஒரு குசும்பு இருக்கிறது.) கபிலன் கூலி வேலை செய்பவன். தூரத்தில் நின்றே பார்த்துக் கற்றவன். ஏகலைவன் என்று சொல்லிவிடலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். ஏகலைவனிடம் கட்டைவிரலைக் கேட்டார்கள். ரங்கனோ தன் சொந்த மகன் வெற்றியைத் தாண்டி கபிலனைக் களத்தில் இறக்குகிறார். ரத்தப் பரம்பரையை மீறி வித்தைப் பரம்பரை நிற்கும் இடம் அது. தணிகைக்கு வருகிற எரிச்சலும் இதனால்தான். அவன் வெறுப்பின் பெயர் சாதி.

குத்துச்சண்டையில் ‘கார்னர்’ என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மூன்று நிமிஷம் அடி, ஒரு நிமிஷம் மூலையில் ஸ்டூல். அந்த ஒரு நிமிஷத்தில் தன் முகத்தில் எங்கே கிழிந்திருக்கிறது என்று சண்டை போடுகிறவனுக்குத் தெரியாது. கார்னரில் நிற்கிறவன்தான் அதைப் பார்க்கிறான், துடைக்கிறான், தண்ணீர் கொடுக்கிறான், எதிராளியின் எந்தக் கை தளர்கிறது என்று காதில் சொல்கிறான். போதும் என்று துண்டை வீசிச் சண்டையை நிறுத்தும் உரிமையும் அவனுக்குண்டு. அதாவது தன் உடலைப் பற்றிய அறிவையும் முடிவையும் இன்னொருத்தன் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஒருவன் எழுந்து போகிறான். நம்பிக்கை இங்கே மனசு சம்பந்தப்பட்டதல்ல, உடல் சம்பந்தப்பட்டது. அடி இவனுக்கு, கண் அவனுக்கு. இந்தப் பங்கீடு ஒருபோதும் சமமானதல்ல.

வேம்புலியோடான போட்டியில் கபிலன் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது கலவரம் மூட்டப்படுகிறது. ரிங்கிலேயே அவனை அம்மணமாக்குகிறார்கள். அதே நேரத்தில் ஆட்சி கலைக்கப்பட்டு (1976 ஜனவரி 31) ரங்கனைப் போலீஸ் கொண்டுபோகிறது. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விழுந்த அடிதான். ஆனால் அடியின் இலக்கணம் வேறு. ரங்கன் இழப்பது சுதந்திரத்தை. அதற்கு நம் அரசியல் மொழியில் ‘தியாகம்’ என்ற சொல் தயாராக இருக்கிறது, மிசா கைதி என்ற மரியாதை இருக்கிறது. கபிலன் இழந்ததற்குச் சொல்லே கிடையாது. ‘நம்பி வந்தவனை அம்மணமா நிக்க வச்சிட்டாங்க’ என்று எங்கள் பக்கம் பேச்சுவழக்கில் சொல்வதுண்டு. படம் அந்த வழக்கை அப்படியே நேர்ப்பொருளில் காட்டிவிடுகிறது. திரும்பி வந்த வாத்தியார், சாராயத்தில் சிதைந்துபோன சிஷ்யனைப் பார்த்து வருந்துகிறார், ஒதுங்குகிறார். தான் இல்லாத காலத்தில் அவன் கார்னரில் யார் நின்றது என்ற கேள்வி அவரிடமிருந்து அழுத்தமாக எழுவதில்லை. ரங்கனைக் குறை சொல்வதல்ல என் நோக்கம். நல்ல மனிதர்தான். நல்ல மனிதராக இருப்பது கூட்டணிக்குப் போதுமா என்பதுதான் பிரச்சினை.

பெரம்பூர்க்காரனுக்கு இது சினிமாச் சமாச்சாரம் மட்டுமல்ல. 1918 ஏப்ரலில் இங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் கூட்டிய தொழிலாளிகளுக்குத் தலைவராக வந்தவர் பி.பி. வாடியா, பார்சி, பிரம்ம ஞான சபைக்காரர். இதைவிடப் பொருந்தாத கூட்டணி உண்டா? ஆனாலும் நின்றது. உடைந்தது 1921இல், பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலை வேலைநிறுத்தத்தில். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். புளியந்தோப்பில் அவர்களின் குடிசைகள் எரிந்தன. அவர்கள் பக்கம் நின்று பேசினார் எம்.சி. ராஜா, சங்கத்தின் பக்கம் திரு.வி.க. நிர்வாகம் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது, அது தெரிந்த விஷயம். ஆனால் நம் தொழிற்சங்கக் கதையாடல்களில் இது இன்றளவும் ‘துரோகம்’ என்ற தலைப்பின் கீழேயே வருகிறது. பட்டினியைத் தாங்கும் கெடு எல்லா வீட்டுக்கும் ஒன்றா? தெருவில் ஒன்றாகத் தண்ணீர் பிடிக்க விடாதவன், ஆலை வாசலில் மட்டும் ஒன்றாக நில் என்றால் எவன் நிற்பான்? முதலில் யார் யாரை நம்பாமல் விட்டது என்று கேட்காமல் துரோகம் என்ற சொல்லைத் தொடக்கூடாது.

படத்துக்குத் திரும்புகிறேன். கெவின் என்கிற டாடியை விமர்சகர்கள் நகைச்சுவைப் பாத்திரமாகக் கடந்துவிட்டார்கள். ரயில்வேயை நம்பிப் பெரம்பூரில் வேரூன்றிய ஆங்கிலோ இந்தியர்களின் சாயல் அவர். தன் ஜனம் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில் இங்கேயே நிற்கிறவர். கபிலனிடம் அவருக்கு வேண்டியது எதுவுமில்லை, மானமும் இல்லை, பந்தயமும் இல்லை. வாத்தியார் இல்லாத நாட்களிலும் அவர் இருக்கிறார்.

பாக்கியத்தின் விஷயம் இன்னும் முக்கியம். மகனை ரிங்குக்கு விடாமல் துடைப்பத்தால் அடிக்கிற அம்மாவாக அவளைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் படத்தில் ஆபத்தைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். புருஷனின் புஜபலம் மற்றவர்களுக்கு எதற்குப் பயன்பட்டது, கடைசியில் அவன் எப்படிச் செத்தான் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அவநம்பிக்கை அனுபவத்தின் வழி சேர்த்த அறிவு. அவளே பின்னால் கபிலனை மறுபடி சண்டைக்குப் போகச் சொல்கிறாள். இம்முறை அவன் பயிற்சிக்குப் போவது வாத்தியாரின் கொட்டகைக்கு அல்ல; கடற்கரைக்கு, மீனவரான பீடி ராயப்பனிடம்.