பாறைக்குள் உறங்கும் வாயு

கொதும்பும் சிரட்டையும் எரிந்த நாஞ்சில் நாட்டு அடுப்படிகளில் இன்று எரிவாயு எரிகிறது. ஆனால் நம் நாட்டுக்குத் தேவையான இயற்கை வாயுவில் ஏறக்குறையப் பாதியை வெளிநாடுகளிலிருந்தே வாங்குகிறோம். இக்குறையை ஷேல் வாயு தீர்க்குமா?

ஷேல் என்பது பண்டைய சேறு இறுகி உண்டான பாறை. அதன் நுண்ணிய துளைகளில் சிக்கிய வாயு தானாக வெளிவராது. ஆழத்தில் துளையிட்டு, பின் பக்கவாட்டில் திருப்பி, நீரையும் மணலையும் இரசாயனங்களையும் பேரழுத்தத்துடன் செலுத்துவர். பாறை வெடிக்கும், வெடிப்பு மூடாமல் மணல் தாங்கும், வாயு வெளிவரும். இம்முறையால் அமெரிக்கா 2017-இல் வாயுவை இறக்குமதி செய்வதைவிட மிகுதியாக ஏற்றுமதி செய்யும் நாடாயிற்று. இந்தியாவில் 2011-இல் துர்காப்பூர் அருகே இவ்வாயு கண்டறியப்பட்டது. 2013-இல் மத்திய அரசு இதற்கெனக் கொள்கை வகுத்தது. எனினும் அமெரிக்காவைப்போல் இங்கு உற்பத்தி பெருகவில்லை.

காரணங்களுள் ஒன்று தண்ணீர். ஒரே கிணற்றுக்கு ஒரு கோடி லிட்டருக்கு மேலும் நீர் வேண்டியிருக்கும். வெளிவரும் கழிவுநீர் நிலத்தடி நீரில் கலந்தால் வயல் என்னாகும்? ஷேல் உள்ள இடங்களுள் ஒன்று காவிரிப் படுகை, நெல் விளையும் பூமி அன்றோ! ஆகவே 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழக அரசு டெல்டாவில் புதிய ஷேல் வாயுத் திட்டங்களைத் தடுத்தது.

அடுப்பும் எரிய வேண்டும். உலையில் இட அரிசியும் வேண்டும். பேச்சிப்பாறைத் தண்ணீரின் அருமை அறிந்த நமக்கு இது விளங்கும். முப்பந்தலில் சுழலும் காற்றாலைகள் தண்ணீரைக் கெடுக்காமல் மின்சாரம் தருகின்றன. முதலில் அத்தகைய வழிகளைப் பெருக்குவோம். வீட்டில் எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவோம்.