பசை ஒட்டாத தொட்டியை அடைப்பது எப்படி?

நாளை காலை முதல் மூன்று நாளுக்குத் தண்ணீர் வராது என்று கைப்பேசிக்கு அறிவிப்பு வருகிறது. நீங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் வசிப்பவர் என்றால் இது புதிதல்ல. வாளி, அண்டா, குடம் என்று எல்லாவற்றையும் நிரப்புகிறீர்கள். வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கறுப்பு நெகிழித் தொட்டியையும் நிரப்புகிறீர்கள். பிறகுதான் கண்ணில் படுகிறது, அதன் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். துளையின் விட்டம் வெறும் 3 மில்லிமீட்டர். சின்னதுதானே என்று விட்டுவிடலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். துளைக்கு மேல் 1 மீட்டர் உயரத்திற்குத் தண்ணீர் நின்றால், அது விநாடிக்கு ஏறக்குறைய 4.4 மீட்டர் வேகத்தில் வெளியே பாயும். தொடக்கத்தில் மணிக்கு 65 லிட்டருக்கும் மேல் வீணாகும். மட்டம் இறங்க இறங்க வேகம் குறையும் என்றாலும், இரவு பத்து மணிக்கு நிரப்பிய 500 லிட்டர் தொட்டியில் காலை ஆறு மணிக்கு முக்கால் பங்கு போயிருக்கும்.

உடனே கடைக்கு ஓடி சூப்பர் குளூ வாங்கினேன். ஒட்டவில்லை. இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்சி பசையை வாங்கித் துளைக்கு வெளியே தடிமனாக அப்பினேன். கல்லைப்போல இறுகியது. ஆனால், ஒரு வாரத்தில் ஆறிய புண்ணின் பொருக்கைப்போல அப்படியே உரிந்து விழுந்தது.

பசையின் மேல் குற்றமில்லை. தொட்டி செய்யப்பட்ட பொருள் பாலிஎத்திலீன். 1933இல் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வேறொன்றைத் தேடியபோது தற்செயலாகக் கிடைத்த மெழுகு போன்ற பொருள் இது. இதன் மூலக்கூறு மிக நீண்ட கார்பன் சங்கிலி. இருபுறமும் ஹைட்ரஜன் மட்டுமே. பசை பிடித்துக்கொள்ள ஏற்ற மின்னூட்ட வேறுபாடு எதுவும் அந்தச் சங்கிலியில் இல்லை. பசை ஒட்டுவதற்கு முதலில் அது மேற்பரப்பில் நன்றாகப் பரவ வேண்டும். பாலிஎத்திலீனின் மேற்பரப்பு ஆற்றல் மீட்டருக்கு ஏறக்குறைய 31 மில்லிநியூட்டன்தான். எபாக்சியின் பரப்பு இழுவிசையோ 40க்கும் மேல். அதனால் பசை பரவாமல் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். நன்றாகக் கழுவிய கண்ணாடியில் ஒரு சொட்டு நீர் விடுங்கள், இன்னொரு சொட்டை நெகிழித் தொட்டியின் சுவரில் விடுங்கள். முதலாவது பரவும், இரண்டாவது உருண்டு நிற்கும். வேறுபாடு உங்கள் கண்முன்னே.

வேடிக்கை என்னவென்றால், எதுவும் ஒட்டாத இந்தக் குணத்திற்காகத்தான் பாலிஎத்திலீனில் தொட்டி செய்கிறார்கள். நீரும் உப்பும் பல அமிலங்களும் அதை எதுவும் செய்வதில்லை. சூப்பர் குளூ விற்கும் சிறு குப்பியும் பெரும்பாலும் பாலிஎத்திலீன்தான்!

சரி, எபாக்சி ஏன் ஒரு வாரம் மட்டும் தாங்கியது? 1 மீட்டர் நீரின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 நியூட்டன். 3 மில்லிமீட்டர் துளையின் மேல் அது தரும் விசை, 7 கிராம் பொருளின் எடைக்குச் சமம்; ஒன்றரைத் தேக்கரண்டி சீனியின் எடை! அதை எந்தப் பசையும் தாங்கும். ஆனால், பகல் வெயிலில் பாலிஎத்திலீன் எபாக்சியைவிட அதிகமாக விரிகிறது, இரவில் சுருங்குகிறது. ஓரம் கொஞ்சம் விலகியதும் நீர் இடுக்கில் நுழைகிறது. நுழைந்த இடமெல்லாம் அழுத்தம் பரவுகிறது. 4 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர ஒட்டின் அடியில் முழுவதும் நீர் புகுந்துவிட்டால் விசை 16 நியூட்டன், அதாவது ஒன்றரைக் கிலோவுக்கும் மேல். நான் வெளிப்புறம் ஒட்டியதும் தவறு. உட்புறம் ஒட்டியிருந்தால் அதே நீர் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்கும்.

அவசரத்திற்கு எளிய வழி உண்டு. துளைக்குள் துருப்பிடிக்காத எஃகு போல்ட் ஒன்றை நுழைத்து, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ரப்பர் வாஷர் வைத்து முடுக்குவது. இதற்கு ஒட்டவே தேவையில்லை, இறுக்கமே போதும். துளை வட்டமாக இருந்தால்தான் இது பலிக்கும்; விரிசலுக்கு உதவாது.

நிலையான தீர்வு, பாலிஎத்திலீனைப் பாலிஎத்திலீனாலேயே அடைப்பது. பழுதுபார்க்க வந்தவர் தொட்டியைக் காலி செய்து காயவைத்தார். துளையைச் சுற்றி மேற்பரப்பைச் சுரண்டி, சாய்வாகக் குழித்தார். சூடான காற்றை ஊதும் கருவியால் சுவரையும் அதே வகை நெகிழிக் குச்சியையும் ஒருசேர இளக்கி, குச்சியைக் குழிக்குள் அழுத்திக்கொண்டே போனார். இரண்டும் உருகும்போது சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சிக்கிக்கொள்கின்றன. ஆறியபின் அங்கே ஒட்டும் இல்லை, சுவரும் இல்லை. எல்லாம் ஒரே பொருள். குச்சி மட்டும் உருகிச் சுவர் உருகாமல் இருந்தால் அது மறுபடியும் வெறும் பசைதான். விரிசலாக இருந்தால் முதலில் அதன் இரு முனைகளிலும் சிறு துளையிட வேண்டும் என்றார். கூர்முனையில் குவியும் தகைவு வட்டத்தில் பரவிவிடும். விரிசல் மேலும் ஓடாது.

எல்லாத் தொட்டியையும் இப்படி உருக்க முடியாது. சில இரசாயனத் தொட்டிகளில் சங்கிலிகள் குறுக்கே பிணைக்கப்பட்டிருக்கும். அவித்த முட்டையைப்போல, எவ்வளவு சூடாக்கினாலும் அவை உருகாமல் கருகும். எரிபொருள் இருந்த தொட்டியின் பக்கம் சூட்டைக் கொண்டுபோகவே கூடாது. காலியான தொட்டியின் ஆவியே வெடிக்கப் போதும். நீங்களாக இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எங்கள் தொட்டியை வெல்டிங் செய்யலாமா என்று முடிவெடுக்க அவர் எந்தக் கருவியையும் தேடவில்லை. சுவரை ஒரு கத்தியால் சீவினார். "நீளமாச் சுருண்டு வந்தா வேலை செய்யலாம்ணே. மாவா உதிர்ந்தா வெயில் தின்னுடுச்சுன்னு அர்த்தம்; இன்னைக்கு இங்க அடைச்சா நாளைக்குப் பக்கத்துல வெடிக்கும்," என்றார். கறுப்புத் தொட்டியில் கலந்துள்ள கரித்தூள் புற ஊதாக் கதிரை விழுங்கிச் சங்கிலிகள் அறுபடாமல் காக்கிறது. ஆனாலும் என்றென்றைக்கும் காக்காது.

எங்களுடையது சுருண்டு வந்தது. வெயில் அதிகம் விழும் மேற்குப் பக்கத்தையும் சீவிப் பார்த்தார். அங்கே கொஞ்சம் மாவு.