அனுப்பிவிட்டால் முடிந்ததா?
தற்காலிக ஆசிரியர் மீதான முறைப்பாடுகளும் எமது பொறுப்பும்

இடம்பெயர்ந்த மக்கள் எங்கு போய்த் தங்கினாலும் குடிதண்ணீருக்கும் கூரைக்கும் அடுத்ததாகத் தேடுவது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தையே. கொட்டிலில் தொடங்கும் அப்பள்ளிக்கூடத்திற்கு நிரந்தர ஆசிரியர்கள் உடனே கிடைப்பதில்லை. தொண்டர் ஆசிரியர்களும், பெற்றோர் சேர்த்துக் கொடுக்கும் சிறு தொகைக்குக் கற்பிப்பவர்களும், நிறுவனங்கள் அனுப்பும் ஆசிரியர்களுமே அக்குறையை நிரப்புகின்றனர். போர்க்காலத்தில் வடக்கு கிழக்கில் எத்தனையோ பிள்ளைகளின் படிப்பு அறுந்துபோகாமல் காத்தவர்களுள் இவர்களும் உள்ளனர். அதை நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

ஆனால் இவர்களுள் ஒருவர் பிள்ளையை அடித்துக் காயப்படுத்தினார் அல்லது தகாத முறையில் தொட்டார் என்று முறைப்பாடு எழுந்தால் யார் விசாரிப்பது? "அவர் எங்கள் ஆளல்லர், நிறுவனம் அனுப்பியவர்" என்று பாடசாலை சொல்லலாம். "நடந்தது பாடசாலையில், அதிபர்தான் பார்க்கவேண்டும்" என்று நிறுவனம் சொல்லலாம். ஈற்றில், "நாளை முதல் வரவேண்டாம்" என்ற ஒரு சொல்லோடு காரியம் முடிந்துவிடும்.

இதில் இரண்டு அநீதிகள் உள்ளன. குற்றம் உண்மையாயின், அவர் அடுத்த ஊரில், அவரை அறியாத பிள்ளைகள் முன் போய் நிற்பார். நோய் கண்ட மாட்டை மறைத்து அடுத்த ஊரில் விற்றால் நோய் தீர்ந்துவிடுமா? குற்றம் பொய்யாயின், நிரபராதியான ஒருவர் தம் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பின்றி, வாழ்நாள் முழுவதும் பழி சுமப்பார்.

இங்கிலாந்தில் வகுத்த வழி

இதே சிக்கல் இங்கிலாந்திலும் உண்டு. அங்கே நிரந்தர ஆசிரியர் வராத நாட்களில் தனியார் முகவர் நிலையங்கள் பதில் ஆசிரியர்களை அனுப்புகின்றன. பாடசாலைகள் கட்டாயம் கவனத்திற் கொள்ளவேண்டிய சிறுவர் பாதுகாப்பு வழிகாட்டலில், இவ்வாசிரியர்களைப் பற்றி 2020ஆம் ஆண்டில் தெளிவாக எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: சம்பளம் கொடுப்பவர் யாராயினும், முறைப்பாட்டை உரிய முறையில் கையாளவேண்டியது பாடசாலையே. உண்மையைக் கண்டறியாமலும், இதற்கென உள்ளூராட்சி மன்றத்தில் நியமிக்கப்பட்ட அலுவலரோடு கலந்து பேசாமலும், "இனி வரவேண்டாம்" என்று சொல்லி விடயத்தை முடித்துவிடக்கூடாது. முகவர் நிலையமும் விசாரணையில் முழுமையாக ஒத்துழைக்கவேண்டும். ஒரே ஆசிரியர் பற்றி வெவ்வேறு பாடசாலைகளிலிருந்து வந்த முறைப்பாடுகள் அதனிடம் இருக்கக்கூடுமல்லவா?

தகவல் கைமாறாவிட்டால் என்ன நேரும் என்பதை அந்நாடு பெரும் துயரத்தின் மூலம் கற்றது. 2002இல் சோஹம் என்னும் ஊரில் பத்து வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டனர். கொன்றவன் ஒரு பாடசாலையின் பராமரிப்பு ஊழியன். அவன் முன்பு வாழ்ந்த பகுதியில் அவன்மீது பல முறைப்பாடுகள் இருந்தும், அவை அவனை வேலைக்கு எடுத்த பாடசாலைக்கு எட்டவில்லை. இதனை ஆராய்ந்த விசாரணைக் குழுவின் அறிக்கை 2004இல் வெளிவந்தது. 2006இல் புதிய சட்டம் பிறந்தது. பிள்ளைக்குத் தீங்கிழைத்ததற்காக ஒருவரை நீக்கும் நிறுவனம், அதனை உரிய அதிகார பீடத்திற்கு அறிவிக்கவேண்டும் என்பது அச்சட்டத்தின்படி கடமையாகும். அவர் தாமே விலகிப் போனாலும் அக்கடமை நீங்குவதில்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் அங்கு பாதுகாப்புண்டு. மாணவர் ஒருவரின் முறைப்பாட்டுக்கு உள்ளான ஆசிரியரின் பெயரை, நீதிமன்ற வழக்குத் தொடரப்படும் வரை பொதுவாகப் பகிரங்கப்படுத்த முடியாது. "ஆதாரம் போதாது" என்பது வேறு, "பொய்" என்பது வேறு என்று பிரித்தே முடிவை எழுதுகின்றனர்.

எமது நாட்டுச் சட்டம்

எமது நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. பராமரிப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது, 1995இல் தண்டனைச் சட்டக்கோவையிற் சேர்க்கப்பட்ட 308அ பிரிவின்படி குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது. பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று 2005/17 இலக்கக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே கூறியது. ஆசிரியர் அடித்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட ஒரு மாணவனின் வழக்கில், அவனது அடிப்படை உரிமை மீறப்பட்டதென உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. ஆசிரியர் மட்டுமன்றி அரசும் இழப்பீடு செலுத்தவேண்டுமெனக் கட்டளையிட்டது. தவறு செய்த தனியாளோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பெற்றோர் செய்யவேண்டியவை

1. பிள்ளை சொல்வதைப் பொறுமையோடு கேளுங்கள். அதட்டாதீர்கள், பதிலை நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். "ஒருவருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

2. பிள்ளை சொன்ன அதே சொற்களில், திகதியிட்டு எழுதி வையுங்கள். எழுதத் தெரியாதவர்கள் நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள்.

3. காயமோ பாலியல் துன்புறுத்தலோ எனில் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். அன்று உடுத்திருந்த உடையைக் கழுவவேண்டாம்.

4. அதிபருக்கும், வலயக் கல்விப் பணிமனைக்கும், ஆசிரியரை அனுப்பிய நிறுவனத்திற்கும் எழுத்தில் அறிவித்துப் பிரதியை வைத்திருங்கள். குற்றச் செயலாயின் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவிலோ, 1929 என்ற இலவசத் தொலைபேசி இலக்கத்திலோ முறையிடலாம்.

5. விசாரணை முடியும்வரை அவர் பிள்ளைகளோடு தனித்திருக்காதபடி ஒழுங்கு செய்யுமாறு அதிபரைக் கேளுங்கள். இது தண்டனையல்ல, முற்காப்பு. பிள்ளையை அவர் முன் நிறுத்தி விசாரிக்க இடங்கொடாதீர்கள்.

6. கூடி அடிப்பதும், ஊர்க்கூட்டத்தில் பணம் வாங்கிச் சமாதானம் செய்வதும் வேண்டாம். இரண்டும் உண்மையைப் புதைத்துவிடும்.

இன்னுமொன்று. ஆசிரியரை ஏற்கும் நாளிலேயே பாடசாலையும் நிறுவனமும் ஓர் உடன்படிக்கை எழுதலாம்: முறைப்பாடு வந்தால் யாரிடம் சொல்வது, யார் விசாரிப்பது, முடிவை எங்கே பதிந்து வைப்பது? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் நீங்களும் அங்கத்தவர்களே. அடுத்த கூட்டத்தில் இக்கேள்வியை எழுப்புங்கள். இடம்பெயர்ந்து வந்தவர்கள், உதவி பெறுபவர்கள் என்பதற்காக வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. கற்பிக்க வருபவர் தற்காலிகமானவராக இருக்கலாம். எமது பிள்ளைகளின் பாதுகாப்பு தற்காலிகமானதல்ல.