தூரதேசத்திலிருந்து வந்த நோய்ச் செய்தி

வளைகுடா நாடொன்றில் பணிபுரியும் மகனிடமிருந்து அழைப்பு வருகிறது. குடியிருப்பு அனுமதிக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்ததாம். சளியைச் சோதித்துவிட்டுக் காசநோய் என்று சொல்லிவிட்டார்களாம். அங்கேயே வைத்துச் சிகிச்சை தரும் நாடும் உண்டு. ஊருக்குத் திருப்பி அனுப்பும் நாடும் உண்டு. செய்தி கேட்ட வீட்டில் முதலில் எழும் சொல் எது? "யாரிடமும் சொல்லிவிடாதே" என்பதுதானே! அன்பர்களே, அந்தச் சொல்லைப் பற்றித்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

காசநோய் ஒழுக்கக்கேட்டின் விளைவன்று. அது ஒரு கிருமியால் வருவது என்பதை 1882-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் காக் உலகிற்கு அறிவித்தார். காற்றோட்டமில்லாத அறையில் பலர் நெருங்கி உறங்குமிடத்தில் அது இருமலின் வழியே பரவுகிறது. வீட்டுக்குப் பணம் அனுப்புவதற்காகத் தன் உணவையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டவனுக்கு வந்த நோயைக் கண்டு வீடே வெட்கப்படுவது நீதியாகுமா?

ஹிஜ்ரி 10-ஆம் ஆண்டு, இறுதி ஹஜ்ஜின்போது, ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் மதீனாவிலுள்ள தம் இல்லத்தைப் பிரிந்து மக்காவில் கடும் நோயுற்றார்கள். அங்கேயே மரணம் வந்துவிடுமோ என்று அஞ்சினார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தேடிச் சென்று, அவர்களின் நெற்றியில் கைவைத்து, முகத்தைத் தடவிக்கொடுத்து, நலம்பெற துஆ செய்தார்கள். அதன்பின் ஸஃது (ரலி) நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்கள். வெளியூரில் நோயுற்றவனுக்கு முதலில் வேண்டியது அந்தக் கை அல்லவா?

இல்லத்தில் வைத்துப் பார்ப்பது ஆபத்தல்லவா என்று கேட்பீர்கள். அதற்கான விடை நம் சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்து மருந்துண்டவர்களையும் சானடோரியத்தில் தங்கியவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரு சாராரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே குணமடைந்தனர். வீட்டில் சிகிச்சை பெற்றதால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவுமில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலக நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றியது.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான். மருத்துவ அறிக்கைகளையும், உண்ணும் மருந்துகளின் பெயரையும், தொடங்கிய தேதியையும் மகன் தன்னுடன் கொண்டுவரட்டும். உடன் தங்கியிருந்தவர்களிடம் நோயைச் சொல்லி, அவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் செய்யட்டும். இங்கே மறைப்பது பிறர்க்கு இழைக்கும் தீங்காகும். பிறருக்குத் தொற்றாது என்று மருத்துவர் கூறிய பின்னரே விமானம் ஏறட்டும்.

புதுவை வாசகர்கள் அலைய வேண்டியதில்லை. கோரிமேட்டிலேயே அரசு மார்பு நோய் மருத்துவமனையும் ஜிப்மரும் இருக்கின்றன. மருந்து இலவசம், சத்துணவுக்காக அரசு மாதம் 1000 ரூபாய் வழங்குகிறது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். ஆனால் இரண்டாம் மாதத்திலேயே இருமல் நின்று, உடல் தேறியதுபோல் தோன்றும். அப்போது மருந்தை நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாக அது திரும்பக்கூடும். நாள் தவறாமல் மருந்தை எடுத்துக் கொடுக்கும் உம்மாவின் கை, மருத்துவரின் கைக்கு இளைத்ததன்று.

சன்னல்களைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள். ஆனால் தட்டையும் குவளையையும் தனியே ஒதுக்காதீர்கள்; அவற்றால் இந்நோய் பரவுவதில்லை. ஒதுக்கிய தட்டு மகனின் மனத்தில் உண்டாக்கும் புண்ணுக்கு ஆறு மாத மருந்து போதாது.