சுண்டைக்காய் கால் பணம்... சுமைகூலி முக்கால் பணம்!

மஸ்தா ஆர்.எக்ஸ்-7. ஜப்பானில் 1978-ல் பிறந்து 2002 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். பிஸ்டனே இல்லாத ரோட்டரி இன்ஜின்தான் இதன் அடையாளம். உள்ளே முக்கோண வடிவ ரோட்டர் சுழலும். அதன் முனைகளில் உள்ள சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் போச்சு. இன்ஜினையே பிரித்துக் கட்ட வேண்டும்.

பாடி ஜம்மென்று இருக்க, இன்ஜின் மட்டும் படுத்துவிட்ட இந்தக் கார்களுக்கு அமெரிக்காவில் ஒரு வைத்தியம் உண்டு... செவர்லே வி8. 1997 கார்வெட்டில் வந்த அலுமினிய எல்.எஸ்.1 என்றால் விலை கடிக்கும். அதனால் காயலான் கடைகளில் பலர் தேடுவது, செவர்லே பிக்கப் வண்டிகளின் 5.3 லிட்டர் இன்ஜினை. பெரும்பாலும் வார்ப்பிரும்பு, கனம் கூடுதல். ஆனால், வலுவுக்குக் குறைச்சல் இல்லை.

பட்ஜெட் கவிழ்வது அதற்குப் பிறகுதான். மவுன்ட், கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், ரேடியேட்டர், ஃப்யூயல் பம்ப், ஒயரிங், கம்ப்யூட்டர் என்று செலவு வரிசை கட்டும். சல்லிசாக வந்த இன்ஜினின் விலையை இவை சுலபமாகத் தாண்டிவிடும். பாதியில் நின்று, ஷெட்டில் தூசி படியும் கார்கள் பலவற்றின் கதை இதுதான்.

விவரமானவர்கள், மோதி நொறுங்கிய வண்டியை முழுசாகவே வாங்கிவிடுகிறார்கள். ஒயரிங், கம்ப்யூட்டர், சில்லறை போல்ட்டுகள்வரை கையில் இருக்கும். மிச்சத்தை விற்றுக் காசும் பார்க்கலாம்.

இன்னொரு கண்டமும் உண்டு. கலிஃபோர்னியாவில், பொருத்தும் இன்ஜின் காரின் மாடல் ஆண்டைவிடப் பழையதாக இருக்கக் கூடாது. அதற்குரிய புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அத்தனையும் வேண்டும். இதைச் சோதிக்கவே தனி மையங்கள் இருக்கின்றன. அங்கே தேறாவிட்டால், எவ்வளவு செலவழித்திருந்தாலும் வண்டி ஷெட்டில்தான்!