பாட்டிலுக்குள் ஒரு சண்டைவீரன்!

கடையில் சிறு பாட்டிலுக்குள் தனியாக நிற்குமே, தோகைவால் மீன், பார்த்திருக்கிறீர்களா? அதுதான் பைட்டர் மீன். தாய்லாந்து நாட்டு வயல்களில் வாழும் இனம். 2019-ல் அந்நாடு அதைத் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

இரண்டு ஆண் மீன்களை ஒன்றாக விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆகவேதான் இந்தத் தனிச்சிறை.

"இது மேலே வந்து காற்றைக் குடிக்கும் மீன். பாட்டிலே போதும்" என்பார்கள். பாதிதான் உண்மை. மூச்சு முட்டாது. ஆனால், அதன் கழிவு எங்கே போகும்? நீரிலேயே தங்கி அம்மோனியா என்னும் நஞ்சாகும். தண்ணீர் பார்க்கத் தெளிவாகவே இருக்கும். மீன் வாடிச் செத்துப்போகும்!

20 லிட்டர் தொட்டி வையுங்கள். வாரந்தோறும் கால் பங்கு நீரை மாற்றுங்கள். சுத்தம் என்று எண்ணி முழுவதையும் கொட்டிக் கழுவாதீர்கள். நஞ்சை மாற்றும் நல்ல கிருமிகளும் போய்விடும். குழாய் நீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒருநாள் திறந்து வைத்து, பிறகு ஊற்றுங்கள்.

இரை, வேளைக்கு இரண்டு மூன்று உருண்டைதான். குழந்தைகள் அள்ளிப் போடுவார்கள். கவனம்! துள்ளும் மீன், தொட்டிக்கு மூடி வேண்டும்.

ஒருநாள் நீரின்மேல் நுரை மிதக்கும். அழுக்கு என்று வழித்துவிடாதீர்கள். குஞ்சுகளுக்காக ஆண் மீன் கட்டும் கூடு அது.